வாட்டிய அன்னாசியில் உறைந்த காக்டெயில்: நான்கு முயற்சிகளின் நிகழ்வு ஆய்வு

அன்னாசித் துண்டுகளைத் தணலில் வாட்டி, அவற்றை ஐஸ் கட்டி, ரம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு சேர்த்து அரைத்து, கரண்டியால் அள்ளக்கூடிய பதத்தில் பரிமாறுவது சொல்வதற்கு மிக எளிய வேலை. நான்கு பேருக்காக அதைச் செய்ய முற்பட்டபோது முதல் இரண்டு முறையும் தோற்றேன், மூன்றாம் முறை பாதி தேறினேன், நான்காம் முறைதான் நினைத்த பானம் கோப்பைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் எடைகளையும் வெப்பநிலைகளையும் குறித்து வைத்திருந்ததால், எந்த இடத்தில் எது பிழைத்தது என்பதை வரிசையாகச் சொல்ல முடிகிறது. பிழைகளை மறைக்காமல் எழுதுகிறேன்; இந்தப் பானத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவை பெரும்பாலும் பிழைகளுக்குள்ளேதான் இருக்கின்றன.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உறைந்த காக்டெயிலைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கலவையை ஓர் இயந்திரத்தில் ஊற்றி, அது சுழலச் சுழலக் குளிர்விப்பது. 1971இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் உணவகம் நடத்திய மரியானோ மார்ட்டினெஸ், மென் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து டெக்கீலா மதுவில் செய்யும் மார்கரீட்டா காக்டெயிலை உறைந்த வடிவில் தயாரித்தது இந்த வழியில்தான். அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றொன்று அதற்கும் முந்தையது: கியூபாவின் ஹவானா நகரில், ஃப்ளோரிடிட்டா மதுக்கூடத்தில் கான்ஸ்டாண்டினோ ரிபாலைகுவா, ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்த டைக்கிரி காக்டெயிலின் உறைந்த வடிவத்துக்குப் பெயர் பெற்ற காலத்திலிருந்து வரும், ஐஸையும் மற்றவற்றையும் சேர்த்து பிளெண்டரில் அரைக்கும் வழி. வீட்டில் நமக்குக் கிடைப்பது இரண்டாவது வழிதான். இவ்விரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை முதல் முயற்சியின்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. இயந்திரம் குளிரைத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். பிளெண்டரோ தன் பங்குக்குச் சூட்டை மட்டுமே தரும். ஜாருக்குள் எவ்வளவு குளிர் வேண்டுமோ அவ்வளவையும் உள்ளே போகும் பொருள்களே சுமந்து வர வேண்டும்.

முதல் முயற்சி

தணல் நன்றாகச் சிவந்திருந்தது. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிய அன்னாசி வில்லைகளைக் கம்பி வலையில் பரப்பினேன். பழம் கம்பியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் நிறம் விரைவில் ஏறவும் வில்லைகளின் மேல் சர்க்கரை தூவியிருந்தேன். இரண்டு நிமிடத்தில் ஓரங்கள் கறுத்தன. நிறம் அழகாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்து, எடுத்த கையோடு 400 கிராம் பழத்தை ஆவி பறக்க ஜாரில் போட்டேன். அறைச் சூட்டில் இருந்த 240 மி.லி. வெள்ளை ரம், 120 மி.லி. எலுமிச்சைச் சாறு, 60 மி.லி. சர்க்கரைப் பாகு, அவற்றின் மேல் 500 கிராம் ஐஸ் கட்டி. அரைத்து முடித்து ஊற்றியபோது கோப்பையில் விழுந்தது பழுப்பு நிறச் சாறு. அதன் மேல் ஓர் அடுக்கு நுரை, நுரைக்குள் கரும்புள்ளிகள்.

ஐஸ் போதவில்லை என்று எண்ணி மேலும் 200 கிராம் போட்டு அரைத்தேன். பானம் கொஞ்சம் குளிர்ந்தது, ஆனால் சுவை முழுவதும் கரைந்து போயிற்று. நோயை அறியாமல் மருந்தைக் கூட்டிய கதை அது. குடித்துப் பார்த்த நண்பர் ஒருவர் பொறுமையாக, “வாட்டிய மணம் வரவில்லை, கருகிய வாடைதான் வருகிறது” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடுத்த மூன்று முயற்சிகளின் வேலையும் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பின்னரே புரிந்தது.

அன்றிரவு ஒரு தாளை எடுத்துக்கொண்டு வெப்பக் கணக்குப் போட்டேன். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் அன்னாசி ஒரு டிகிரி குளிர்வதற்கு ஏறத்தாழ 3.7 ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஜாரில் விழுந்த 400 கிராம் பழம் சராசரியாக 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தது என்று கொண்டால், அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர மட்டும் 1,03,600 ஜூல் தேவை. அதாவது 310 கிராம் ஐஸ். ரம், சாறு, பாகு மூன்றும் 28 டிகிரியில் இருந்தன. அவற்றைக் குளிர்விக்க மேலும் 135 கிராம் வரை ஆகும். ஃப்ரீசரிலிருந்து மைனஸ் 18 டிகிரியில் வந்த ஐஸ், உருகத் தொடங்குவதற்கு முன் தானே கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஐம்பத்தைந்து கிராம் அளவுக்குச் சலுகை கிடைக்கும். எல்லாம் போக, 500 கிராமில் ஏறக்குறைய 390 கிராம் ஐஸ் அரைத்து முடிப்பதற்குள் தண்ணீராகிவிடுகிறது. எஞ்சிய 110 கிராம் ஐஸ் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட திரவத்தை எப்படிக் கெட்டியாக்கும்? பானம் நீர்த்துப் போனதில் என் கைப்பிழை என்று ஒன்றுமில்லை. பழத்தைச் சூடாகப் போட்ட அந்த நொடியிலேயே முடிவு எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். தணலுக்கும் பிளெண்டருக்கும் இடையே குறைந்தது ஓர் இரவு இடைவெளி வேண்டும் என்று அதன் அடியில் எழுதி, கோடிட்டு வைத்தேன்.

இரண்டாம் முயற்சி

இம்முறை பழத்தை வாட்டி, முழுதும் ஆறவிட்டு, ஒரு மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் டப்பாவைத் திறந்தபோது பழம் ஒரே பாளமாக உறைந்திருந்தது. வாட்டியபின் பழத்திலிருந்து கசிந்த சாறு துண்டுகளுக்கிடையே நிரம்பி, எல்லாவற்றையும் ஒட்டவைத்திருந்தது. கத்தியின் பிடியால் தட்டி மூன்று பெரிய துண்டுகளாக உடைத்து ஜாரில் போட்டேன். பிளெண்டரின் கத்தி நகரவில்லை. அடியில் கத்தியைச் சுற்றிக் காற்றுக்குமிழ் உண்டாகி, பழமும் ஐஸும் மேலே ஒரு கூரைபோல நின்றுவிட்டன. மோட்டார் மட்டும் சூடேறி இரைந்தது.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இதே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் பெரும்பாலானோர் இதையே செய்வார்கள் என்று நினைக்கிறேன். கத்தி சுழல்வதற்குத் திரவம் வேண்டும் என்று, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ரம்மை இன்னும் 90 மி.லி. ஊற்றினேன். கத்தி சுழன்றது. ஆனால் மொத்த ரம் 330 மி.லி. ஆகிவிட்டது. ஐஸை 300 கிராமாகக் குறைத்திருந்ததால் பானத்தில் ஆல்கஹால் 11 சதவீதத்தைத் தொட்டது. தண்ணீரில் ஆல்கஹாலும் சர்க்கரையும் கரையக் கரைய அதன் உறைநிலை இறங்கிக்கொண்டே போகும். ஏழு, எட்டு சதவீத ஆல்கஹாலும் பத்துப் பன்னிரண்டு சதவீதச் சர்க்கரையும் உள்ள கலவையில் மைனஸ் 4 டிகிரியை ஒட்டிப் பனித்துகள்கள் தோன்றத் தொடங்கும். 11 சதவீத ஆல்கஹால் என்றால் அது மைனஸ் 6 வரை இறங்கிவிடும். அதே குளிரில் அதே ஐஸ் அங்கே துகளாக நிற்காமல் உருகிக் கரைகிறது. ஊற்றிய ஐந்து நிமிடத்துக்குள் கோப்பையின் அடியில் தெளிந்த திரவமும் மேலே நுரையுமாகப் பிரிந்து நின்றதற்கு அதுவே காரணம்.

அளவைப் பற்றிய கவலையும் இங்கே சேர்ந்துகொள்கிறது. 330 மி.லி. ரம்மை நான்காகப் பிரித்தால் ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 33 மி.லி. தூய ஆல்கஹால், எடையில் 26 கிராம். குளிரும் இனிப்பும் புளிப்பும் மதுவின் காரத்தை மறைத்துவிடுவதால், குடிப்பவருக்கு அது தெரியாது. கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பொருளை யாரும் எண்ணிக் குடிப்பதில்லை. விருந்தளிப்பவர் அளவைக் கையில் வைத்திருந்தால்தான் விருந்தாளி தன் அளவை அறிந்து நடக்க முடியும். ஆகவே அடுத்த முறையிலிருந்து ஒரு கோப்பைக்கு 45 மி.லி. என்று நிறுத்திக்கொண்டேன். அது 14 கிராம் ஆல்கஹால்.

கத்தி நிற்பதற்கான மாற்று எளியது. மதுவோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஆறிய பழத்தை இரண்டு சென்டிமீட்டர் கட்டிகளாக நறுக்கி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்பி உறையவைக்க வேண்டும். நன்றாக உறைந்தபின் டப்பாவுக்கு மாற்றினால் ஒட்டாது. ஜாரில் முதலில் திரவங்கள், பிறகு பழம், கடைசியில் ஐஸ். முதலில் பல்ஸ் பொத்தானை விட்டுவிட்டு அழுத்தி எல்லாவற்றையும் உடைத்து, இடையில் மின்சாரத்தை நிறுத்தி மரக்கரண்டியால் ஒருமுறை கீழே தள்ளிவிட்டால் போதும். மொத்தத்தில் நாற்பது நொடிகளுக்கு மேல் ஓட்டக்கூடாது. கத்தியின் உராய்வு நாம் சேர்த்த குளிரைத் தின்றுகொண்டே இருக்கும்.

மூன்றாம் முயற்சி: தணலை மட்டும் கவனித்த நாள்

கருகிய வாடை என்ற குறை இன்னும் தீரவில்லை. ஆகவே ஒரு நாள் முழுவதையும் வாட்டுவதற்கே ஒதுக்கினேன். ஒரே பழத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகள் வெட்டி, ஒவ்வொன்றையும் சர்க்கரை தூவியும் தூவாமலும், ஈரத்தோடும் ஈரம் ஒற்றியும் வாட்டிப் பார்த்தேன்.

ஈரம்தான் முதல் எதிரி என்று அன்றுதான் கண்கூடாகப் பார்த்தேன். அன்னாசியில் 86 சதவீதம் தண்ணீர். வெட்டுமுகத்தில் ஈரம் இருக்கும்வரை அதன் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பழம் அங்கே வேகிறதே தவிர வாடவில்லை. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பாகும் மெய்யார் வினை, அதை 1912இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்யாரின் பெயரால் அழைக்கப்படுவது, 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கிறது. சாதாரணச் சர்க்கரை கருஞ்சிவப்புப் பாகாவது 160 டிகிரியை ஒட்டி. ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை மட்டும் 110 டிகிரியிலேயே பழுப்பாகத் தொடங்கிவிடும். இதனால்தான் ஃப்ரக்டோஸ் நிறைந்த தேனைத் தடவி வாட்டினால் பழம் வாடுமுன் தேன் கருகிவிடுகிறது. நான் முதல் நாள் தூவிய சர்க்கரையும் அப்படித்தான்: பழத்தின் மேலேயிருந்து உருகிக் கம்பியில் வழிந்து, அங்கே எரிந்து, அந்தக் கரியை மீண்டும் பழத்திலேயே ஒட்டியது. ஓரங்கள் கறுத்தது பழம் வாடியதற்கான அடையாளம் அல்ல. சர்க்கரை எரிந்ததற்கான அடையாளம்.

சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, எதுவும் தூவாமல், கம்பியில் மட்டும் மிக மெல்லியதாக எண்ணெய் தடவி, நடுத்தரத் தணலில் வைத்தபோது நிலைமை மாறிற்று. ஒரு சென்டிமீட்டர் வில்லை நிறம் ஏறுவதற்குள் வதங்கித் தொங்கியது. மூன்று சென்டிமீட்டர் வில்லையின் நடுப்பகுதி பச்சையாகவே நின்றது. இரண்டு சென்டிமீட்டரில்தான் இரண்டு பக்கமும் செம்பழுப்பு ஏறும்போது நடுவும் இளகியிருந்தது. பக்கத்துக்கு நான்கிலிருந்து ஐந்து நிமிடம் பிடித்தது. பழத்தை நகர்த்தாமல் விட வேண்டும். நிறம் பிடித்தபின் அது தானாகவே கம்பியை விட்டுக் கொடுக்கும். இடுக்கியால் இழுக்கும்போது ஒட்டினால், இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள்.

எடையையும் பார்த்தேன். 400 கிராம் பச்சைப் பழம் வாட்டியபின் 300 கிராம் நின்றது. போன 100 கிராமும் பெரும்பாலும் தண்ணீர். பழத்தில் தொடக்கத்தில் 12 சதவீதம் சர்க்கரை இருந்திருந்தால் இப்போது அது 16 சதவீதம். இந்த எண்ணிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மங்கலாகவே தெரியும். அறைச் சூட்டில் திகட்டும் கலவைகூட உறைந்தபின் அளவாக இருக்கும். ஆகவே உறைந்த பானத்துக்குச் சர்க்கரை கூடுதலாகத் தேவை. தணல் தண்ணீரை விரட்டுவதால், அந்தக் கூடுதல் சர்க்கரையில் ஒரு பங்கைப் பழமே தருகிறது, தண்ணீரையும் கூடவே கொண்டுவராமல். பழத்தை ஏன் வாட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மணத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் நான் இதைத்தான் சொல்வேன்.

கறுத்த இடங்கள் சில அப்போதும் இருந்தன. அவற்றைக் கத்தியால் சீவி எறிந்தேன். தட்டில் வைத்துச் சாப்பிடும் வாட்டிய பழத்தில் ஓரிரு கரும்பட்டைகள் அழகாகவே இருக்கும். ஒரு வாயில் கொஞ்சம் கசப்பு, அடுத்த வாயில் இனிப்பு என்று மாறி மாறி வரும். பிளெண்டர் அந்த மாற்றத்தை அழித்துவிடுகிறது. ஒரு ஓரத்தில் இருந்த கரி அரைபட்டு முழுப் பானத்திலும் பரவி, ஒவ்வொரு கரண்டியையும் கசப்பாக்குகிறது. கம்பிக் கோடுகள் செம்பழுப்பாக இருக்கும்வரை நல்லது. கறுத்தால் சீவிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்து, உறையவைத்து, அடுத்த நாள் அரைத்த பானம் பதத்தில் குறையே இல்லாமல் வந்தது. கரண்டியை நட்டால் நின்றது. கசப்பும் இல்லை. ஆனால் சுவைத்துப் பார்த்தபோது தணலின் நினைவே வரவில்லை. இனிப்பான அன்னாசி ஜாமை உறையவைத்தது போலிருந்தது.

இதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வேலை செய்திருக்கின்றன. மணம் என்பது ஆவியாகி மூக்கை எட்டும் பொருள். மைனஸ் 6 டிகிரியில் மிகக் குறைவாகவே ஆவியெழும். அறைச் சூட்டில் வீட்டையே நிறைத்த வாட்டல் மணம் உறைந்தபின் ஒடுங்கிவிடுகிறது. மறுபுறம், புதுப் பழத்தை நறுக்கும்போது மூக்கில் ஏறும் அந்தப் பளிச்சென்ற மணத்தைத் தரும் எஸ்டர்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. தணலில் வாடும்போதே அவற்றில் பெரும்பகுதி பறந்துவிட்டது. புதுமணமும் போயிற்று, வாட்டல் மணமும் அடங்கிப் போயிற்று. நடுவில் இனிப்பு மட்டும் மிஞ்சியது.

நான்காம் முயற்சி

கருகலை அதிகப்படுத்தி மணத்தைக் கூட்டுவது முதல் நாளுக்கே திரும்பிப் போவதாகும். வேறு இரண்டு மாற்றங்களைச் செய்தேன்.

முதலாவது, பழத்தின் நடுத்தண்டு. நார் மிகுந்து, எவ்வளவு அரைத்தாலும் பல்லில் சிக்கும் என்பதால் அதுவரை எறிந்துகொண்டிருந்தேன். இம்முறை அதையும் நீளவாக்கில் பிளந்து, ஓரத்தணலில் இருபது நிமிடம் மெல்ல வாட்டி, செம்பழுப்பானதும் எடுத்து, கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே முழுதும் ஆறவிட்டு, 180 மி.லி. ரம்மில் ஊறப்போட்டு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தேன். வாட்டும்போது உண்டாகும் மணப்பொருள்களில் பல தண்ணீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். காலையில் ரம் இளம் தேன்நிறத்துக்கு மாறியிருந்தது. முகர்ந்தபோது தணலருகே நிற்பது போலிருந்தது. வடிகட்டி, தண்டைப் பிழிந்து எறிந்தேன்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பை இந்த இடத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். பழத்தை ரம்மில் ஊறவைத்து அதன்பின் தணலில் வைப்பது தவறான வரிசை, ஆபத்தான வரிசையும்கூட. 40 சதவீத ஆல்கஹால் உள்ள மது 26 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். தணலில் சொட்டினால் தீ எழும்பிக் கையைத் தொடும். முதலில் வாட்டல், பிறகு ஆறுதல், அதன்பின் மது. தணல் அணையும்வரை புட்டி அந்தப் பக்கமே வரக்கூடாது.

இரண்டாவது மாற்றம், பழத்தில் கால்பங்கைப் பச்சையாகவே விட்டது. 300 கிராம் வாட்டிய அன்னாசியோடு, வாட்டாமல் உறையவைத்த 100 கிராம் அன்னாசியும் சேர்த்தேன். தணல் பறித்துக்கொண்ட புதுமணத்தை இந்த 100 கிராம் திருப்பிக் கொடுத்தது. வாட்டல் மணம் தனியாக நிற்கும்போது வெறும் பாகுபோல இருப்பதும், பச்சை மணத்தின் பக்கத்தில் நிற்கும்போதுதான் தணல் என்று அடையாளம் தெரிவதும் எனக்குப் புதிய பாடம்.

தண்டு ஊறிய 180 மி.லி. ரம்மோடு, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 90 மி.லி., சம எடைச் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பாகு 90 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. உப்பு சுவைக்காக அல்ல. எஞ்சியிருக்கக்கூடிய கசப்பை அது மட்டுப்படுத்தும். இந்தத் திரவங்கள் எல்லாமே ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் இருந்து 4 டிகிரிக்கு வந்திருந்தன. சாறு மட்டும் விதிவிலக்கு: எலுமிச்சையைப் பழமாகவே குளிரவைத்து, அரைப்பதற்குச் சற்றுமுன் பிழிந்தேன். ஐஸ் 200 கிராம் போதுமானதாக இருந்தது. முதல் நாள் 700 கிராம் ஐஸ் செய்யாத வேலையை இந்த 200 கிராம் செய்தது, ஏனெனில் இப்போது பழமே ஐஸாக இருந்தது. ஜாரும் கோப்பைகளும்கூட அரை மணிநேரம் ஃப்ரீசரில் இருந்தன.

கணக்குப் போட்டால், ஏறத்தாழ 970 கிராம் பானத்தில் சர்க்கரை 12 சதவீதத்துக்கு நெருக்கமாகவும், ஆல்கஹால் ஏழரை சதவீதத்துக்கு நெருக்கமாகவும் வருகிறது. ஊற்றியவுடன் வெப்பமானி மைனஸ் 6 டிகிரியைக் காட்டியது. பானம் ஜாரிலிருந்து ஓடவில்லை; மெதுவாக மடிந்து மடிந்து விழுந்தது. கோப்பையில் விழுந்த மடிப்பின் தடம் சில நிமிடங்கள் அப்படியே நின்றது. அதன் மேல், அப்போதே தணலிலிருந்து எடுத்த ஒரு சிறு அன்னாசித் துண்டைக் கோப்பையின் விளிம்பில் செருகினேன். அது அலங்காரம் மட்டும் அல்ல. உறைந்த பானத்தில் எழாத ஆவி, சூடான துண்டிலிருந்து எழுகிறது. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்குக்கு முதலில் எட்டுவது அந்த மணம். நான்கு முயற்சிகளிலும் மிகச் சிறிய வேலை இதுதான், மிகப் பெரிய பலனைத் தந்ததும் இதுதான் என்று தோன்றுகிறது. துண்டு பானத்தைத் தொடாமல் விளிம்பில் இருக்க வேண்டும்; உள்ளே விழுந்தால் மீண்டும் வெப்பக் கணக்கு தொடங்கிவிடும்.

முதல் நாள் கருகிய வாடை என்று சொன்ன அதே நண்பர் இம்முறை கோப்பையை எடுத்தார். எதுவும் சொல்லாமல் பாதி சாப்பிட்டபின், “இதில் என்ன புகை போட்டீர்கள்?” என்று கேட்டார். புகை எதுவும் போடவில்லை. விறகுப் புகையின் மணம், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைவதால் வருவது. என்னிடம் இருந்தது கரித்தணல் மட்டுமே, அதில் லிக்னின் பெரும்பாலும் ஏற்கெனவே எரிந்து போயிருக்கும். அவர் புகை என்று உணர்ந்தது, தண்டிலிருந்து ரம்மில் இறங்கிய வாட்டல் மணத்தைத்தான். அடுப்பின் மேல் வைக்கும் கோடிட்ட இரும்புக் கல்லில் வாட்டினாலும் இதே பலன் கிடைக்கும் என்று நம்ப அது எனக்குத் துணிவு தந்தது. பின்னர் செய்து பார்த்தேன், கிடைத்தது.

மற்றப் பழங்களும் மாற்று வகைகளும்

பால், பாலேடு சேர்த்த வகையைச் செய்ய விரும்புவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பச்சை அன்னாசியில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது. அது பால்புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். 70 டிகிரிக்கு மேல் சில நிமிடங்கள் சூடேறினால்தான் அதன் வேலை அடங்கும். நான்காம் முயற்சியில் சேர்த்த பச்சைப் பழம் அங்கே உதவாது. கனமான வில்லையின் வேகாத நடுப்பகுதியும் உதவாது. உறையவைத்தால் நொதி அழிந்துவிடும் என்று எண்ணக்கூடாது. குளிரில் அது தூங்குகிறது, அவ்வளவுதான்.

பீச் பழம் அன்னாசிக்கு அடுத்தபடியாக நன்றாக வருகிறது. தோலோடு பாதியாக வெட்டி, வெட்டுமுகத்தை மட்டும் வாட்டி, பிறகு தோலை உரித்துவிடலாம். மாம்பழம் சற்றுக் கெட்டியாக இருக்கும்போதே வாட்ட வேண்டும், நன்கு கனிந்தது கம்பிக்குள் வழிந்துவிடும். அதில் சர்க்கரை அதிகம் என்பதால் பாகைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தர்ப்பூசணியில் 91 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது வாடுவதற்குள் நாம் வாடிவிடுவோம், அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மது இல்லாமல் செய்யும்போது அளவுகளை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ரம்மை எடுத்துவிட்டால் உறைநிலை மேலேறி, பானம் கெட்டியான பனிக்கட்டித் துருவலாகிவிடும். அரைத்தபின்னும் விரைவில் தண்ணீரும் பனியுமாகப் பிரியும். ரம்முக்குப் பதில் குளிர்ந்த அன்னாசிச் சாறு ஊற்றி, பாகை 30 மி.லி. கூட்டி, ஐஸை 150 கிராமாகக் குறைத்தபோது பதம் சரியாக வந்தது. தண்டை ஊறவைக்க ரம் இல்லாததால், அதைச் சூடான பாகில் போட்டு ஆறவிட்டேன். மணம் ரம்மில் வந்த அளவுக்கு ஏறவில்லை, ஆனால் இல்லாததற்கு மேல்.

நான்காம் நாள் ஒரு கோப்பையளவு மீந்துவிட்டது. அதை மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் மாலை திறந்தபோது மைனஸ் 18 டிகிரியிலும் அது கல்லாகியிருக்கவில்லை. ஆல்கஹாலும் சர்க்கரையும் அதில் ஒரு பகுதியைத் திரவமாகவே வைத்திருந்தன. முள்கரண்டியால் கீறியபோது செம்பொன் நிறத் துகள்களாக உதிர்ந்தது. பிளெண்டரை மறுபடி எடுக்காமல் அப்படியே ஒரு குளிர்ந்த கோப்பையில் அள்ளிப்போட்டு, மேலே ஒரு சூடான துண்டைச் செருகினேன்.